உறை ஒட்டியிருக்கிறது, கவலைப்படாதீர்கள்

2001 அக்டோபர் 15 அன்று வாஷிங்டனில் செனட்டர் டாம் டாஷ்லின் அலுவலகத்தில் ஒரு கடிதத்தைப் பிரித்தார்கள். உள்ளே ஆந்த்ராக்ஸ் பொடி. அன்றைக்கே அங்கிருந்தவர்களுக்கு மூக்குக்குள் பஞ்சுக்குச்சி, கையில் சிப்ரோ என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை. மேன்மக்களின் நுரையீரல்மீது அரசுக்கு இருந்த அக்கறையைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

ஆனால் கடிதம் வானத்திலிருந்து விழவில்லை. பிரெண்ட்வுட் தபால் நிலையம் வழியாகத்தான் வந்தது. அங்கே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தார்கள், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அவர்களுக்குக் கிடைத்த மருந்து ஒரே ஒரு வாக்கியம்: உறை ஒட்டியிருக்கிறது, கவலைப்படாதீர்கள். எவ்வளவு மரியாதை தெரிந்த கிருமி பாருங்கள்! செனட்டரின் ஆள் வந்து பிரிக்கும்வரை உள்ளேயே கைகட்டிக் காத்திருக்குமாம்.

தபால்களை வகை பிரிக்கும் இயந்திரம் உறைகளைப் பட்டைகளுக்கு நடுவே நசுக்கித் தள்ளும். நசுக்கும்போதெல்லாம் உறை மூச்சு விடும். தாளின் கண்ணுக்குத் தெரியாத துளைகளைவிடச் சிறியது ஆந்த்ராக்ஸ் வித்து. இயந்திரத்தில் படிந்த தூசியைக் காற்றழுத்தக் குழாயால் ஊதித்தான் துடைத்தார்கள். அதாவது, கொட்டிய விஷத்தை எல்லோருக்கும் சமமாகப் பங்கு வைத்தார்கள்.

18ஆம் தேதி அஞ்சல் துறைத் தலைவர் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே பத்திரிகையாளர்களைக் கூட்டித் தைரியம் சொன்னார். நாடாளுமன்றக் காவல் நாய்களுக்குக்கூடச் சோதனை நடந்துவிட்டது, எங்களுக்கு இல்லையா என்று ஊழியர்கள் கொதித்தார்கள். என்ன செய்வது, நாய்க்குப் பதவி இருந்தது.

21ஆம் தேதி காலையில் ஓர் ஊழியர் தானே 911 அவசர எண்ணுக்குப் போன் செய்து, தனக்கு ஆந்த்ராக்ஸ் தொற்றியிருக்கும் என்றார். அரசாங்கத்துக்கு ஆறு நாளாகப் பிடிபடாத நோயை மூச்சுத் திணறியபடியே கண்டுபிடித்துச் சொன்னவர், அன்றே செத்தார். இன்னொருவரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் அவரும் போனார். அந்த 21ஆம் தேதிதான் நிலையத்துக்குப் பூட்டு விழுந்தது.

அப்புறம் பாடம் கற்றார்களா? கற்றார்கள். 2003 பிப்ரவரியில், உயிரி, ரசாயனத் தாக்குதல் நடந்தால் என்ன செய்வது என்று அரசிடமிருந்து மக்களுக்கு அறிவுரை வந்தது: பிளாஸ்டிக் தாளும் டக்ட் டேப்பும் வாங்கி வையுங்கள், ஓர் அறையின் சன்னல் கதவையெல்லாம் ஒட்டத் தயாராகுங்கள். கடைகளில் டேப் தீர்ந்துபோனது. உறை கைவிட்டதை வீடு காப்பாற்றும் என்று நம்பியிருப்பார்கள்.

அதே ஆண்டு, ஃபோர்ட் டெட்ரிக் ராணுவ ஆய்வகத்தின் புரூஸ் ஐவின்ஸ் என்ற விஞ்ஞானிக்கு ஆந்த்ராக்ஸ் தடுப்பூசி வேலைக்காக உயரிய விருது கொடுத்தார்கள். கடிதப் பொடியை ஆராய எஃப்.பி.ஐ.க்கு உதவியவரும் அவர்தான். 2008இல், குற்றம் சாட்டப்படும் முன்பே அவர் தற்கொலை செய்துகொண்ட பிறகு, டாஷ்லுக்கு வந்ததையும் சேர்த்து, மொத்தம் ஐந்து பேரைக் கொன்ற ஆந்த்ராக்ஸ் கடிதங்களை அனுப்பியவர் அவரே என்று அதே எஃப்.பி.ஐ. சொன்னது. நீதிமன்றத்தில் எதுவும் நிரூபணமாகவில்லை.

செத்த இரண்டு ஊழியர்களையும் அரசு மறந்துவிடவில்லை. பிரெண்ட்வுட்டைக் கழுவித் திறந்தபோது, கட்டடம் அவர்கள் பெயரையே தாங்கியிருந்தது. உயிரோடு இருந்தபோது சிப்ரோவுக்குக் கிடைக்காத ஒப்புதல், பெயர்ப்பலகைக்குக் கிடைத்துவிட்டது.