பிளக் குற்றவாளியா? தெமியாங் வட்டார மோட்டார்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஜாகுவார் ஈ-டைப் ஸ்போர்ட்ஸ் காரின் மூன்றாம் வரிசை 1971இல் வந்தபோது அதற்குப் பன்னிரண்டு சிலிண்டர், பன்னிரண்டு பிளக், பன்னிரண்டு பிளக் வயர். பிளக் மாற்றுகிறவர் எந்த வயர் எங்கே போகிறது என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டுத்தான் கையை வைப்பார். இரண்டு வயர் இடம் மாறினால் போதும், கார் இருமும், வெடிக்கும். அந்த மாதிரிக் கார்களைப் பற்றி வெள்ளைக்காரர்கள் தடித்தடிப் புத்தகங்கள் எழுதிவிட்டார்கள். ஒரே பிளக்கும் ஒரே வயரும் உள்ள வண்டியிலும் அதற்குக் குறையாத குழப்பம் விளையும் என்பது மட்டும் ஆராயப்படாமலே கிடக்கிறது.

ஆய்வுக் களம் சிரம்பானை ஒட்டிய தெமியாங்கும், லாபு, ரந்தாவ், சிலியாவ் பக்கத்துத் தோட்டங்களும். ஆய்வுப் பொருள் ஹோண்டா சி70. இதையெல்லாம் ஸ்போர்ட்ஸ் வண்டியில் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள், சம்பளத்தன்று சாயந்தரம் லயத்து இளைஞர்கள் அதில் பட்டணம் போன வேகத்தைப் பார்க்காதவர்கள். சி70 சேர்ந்த ஹோண்டாவின் கப் வகை வண்டி 1958இல் ஜப்பானில் பிறந்தது. அதே ஆண்டு பினாங்கின் லோ பூன் சியூ ஹோண்டாவுக்கு மலாயாவின் ஏக விநியோகஸ்தரானார். 2017இல் அந்தக் குடும்பத்து வண்டிகளின் உலகத் தொகை பத்துக் கோடியைத் தொட்டது. பத்துக் கோடி வண்டி, பத்துக் கோடி பிளக். வசவு வாங்காத பிளக் அவற்றில் ஒன்றாவது இருக்குமா என்பது ஐயமே.

முதல் தரவு. தோட்டத்தில் பேர் பதியும் பிரட்டுக்குக் கிளம்பும் விடிகாலை. இரவெல்லாம் மழை. ஒருவர் மோட்டாரை உதைக்கிறார், உதைக்கிறார், எழும்பவில்லை. பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிறது.

“அண்ணே, பிளக்க பாத்தீங்களா?”

“பாக்கணும்லா.”

காப்ரேட்டரைப் பார்த்தீர்களா, பாயிண்ட்டைப் பார்த்தீர்களா என்று அந்த நேரத்தில் எவரும் கேட்பதில்லை. காரணம் வெளிப்படை. பாயிண்ட் எஞ்சினின் காந்தச் சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. காப்ரேட்டரைப் பிரித்தால் திரும்பப் பூட்டும்போது ஒரு திருகாணி கையில் மிஞ்சும். பிளக்குக்கோ ஒரே ஒரு ஸ்பானர் போதும். வீட்டில் ஆறு பேர் இருக்க, கைக்கு எட்டுகிறவனுக்கே அடி விழுவது போன்ற நீதி இது.

கழற்றிய பிளக்கை வாசிப்பது தனிக்கலை. நுனி இளம்பழுப்பாக இருந்தால் எஞ்சின் நலம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதல். எண்ணெய் பளபளத்தால் ரிங் தேய்ந்திருக்கிறது, செலவு வருகிறது. வெள்ளை வெளுத்திருந்தால் சூடு அதிகம். வாசித்து முடித்தபின் எல்லாருமே செய்வது ஒன்றுதான்: உப்புத்தாளால் தேய்ப்பது. தாள் அகப்படாதபோது பால்வெட்டுக் கத்தியின் முனையும் பயன்பட்டிருக்கிறது. நுனிகளின் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் இருக்கவேண்டும் என்பது கம்பெனி விதி. மோட்டார் கடையில் அதை அளக்க ஒரு பழைய ஹேக்சா பிளேடு தொங்கும். அதன் முதுகுப்புறத் தடிப்பு ஏறக்குறைய 0.63 மில்லிமீட்டர். இதை அறியாமல் சிரித்த படிப்பாளிகள் இங்கே மன்னிப்புக் கேட்கலாம்.

அடுத்தது தீப்பொறிச் சோதனை. பிளக்கை வயரில் மாட்டி, எஞ்சின் இரும்பில் ஒட்டிப் பிடித்து, உதைத்துப் பார்க்கவேண்டும். உதைப்பவர் அண்ணன். பிடிப்பவர் எப்போதும் தம்பி. பல்லாயிரம் வோல்ட் பாயும் வயரில் வெடிப்பு இருந்தால் தம்பி துள்ளுவான். அண்ணன் திருப்தியோடு, “பொறி நல்லாத்தான் வருது” என்பார். ஆய்வு நெறிக்குழு எதுவும் இதற்கு அனுமதி தந்திருக்க வாய்ப்பில்லை.

ஆனால் தம்பி துள்ளியதுதான் இந்த ஆய்வின் திருப்புமுனை. குற்றவாளி வயர். மழையில் நனைந்த பழைய வயரை இருட்டில் உற்றுப் பார்த்தால், நீல இழை ஒன்று அதன் மேல் நெளிந்து இரும்புக்குத் தாவுவது தெரியும். நுனிக்குப் போகவேண்டிய மின்சாரம் குறுக்குவழி கண்டுவிட்டது. வெடிப்பு பிளக்கை மூடும் கேப் பக்கத்து முனையில் என்றால் மருத்துவம் சுலபம்: கேப்பைத் திருகி எடுத்து, வயரை அரை அங்குலம் நறுக்கி, மறுபடி திருகுவது. ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் அரை அங்குலம் போனதால், மிஞ்சிய வயரின் நீளத்தைக் கொண்டே மோட்டாரின் வயதைக் கணிக்கலாம் என்பது என் துணிபு.

கேப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதற்குள் 5 கிலோ ஓம் தடை ஒன்று உண்டு, வானொலி இரைச்சலைக் குறைக்க. அது இல்லாத கேப்பைப் பூட்டிக்கொண்டு ஒருவர் லயத்தைக் கடந்தால், மின்னல் எஃப்எம்முக்கு முந்திய வானொலி 6 காலத்தில், வழிநெடுகப் பாட்டு கொரகொரத்தது. எந்த வீட்டு மாப்பிள்ளை எத்தனை மணிக்குத் திரும்பினார் என்பதற்கு இதைவிட நம்பகமான ஆவணம் கிடையாது.

ஒரு முரண்பாடு எஞ்சுகிறது. வயரைத் தொடாமல் பிளக்கை மட்டும் துடைத்துப் பூட்டியபோதும் பல மோட்டார்கள் கிளம்பியிருக்கின்றனவே? விளக்கம் எளிது. உதைத்து உதைத்து சிலிண்டருக்குள் பெட்ரோல் நிரம்பிவிடுகிறது. பிளக்கைக் கழற்றிவைத்து, உப்புத்தாள் தேடி, பக்கத்து வீட்டாரிடம் ரப்பர் விலை பேசி, தேத்தண்ணி குடித்து வருவதற்குள் அது திறந்த ஓட்டை வழியே ஆவியாகிறது. வேலை செய்தது உப்புத்தாள் அல்ல, தேத்தண்ணி. இந்த உண்மையை மோட்டார் கடைத் தவுக்கேயிடம் சொன்னால் அவர் ஒத்துக்கொள்ளமாட்டார், அவர் விற்பது பிளக்.

மாற்றப்பட்ட பழைய பிளக்குகளை எவரும் எறிவதில்லை. மைலோ டின்னில் போட்டு அலமாரி மேல் வைப்பார்கள், அவசரத்துக்கு உதவும் என்று. அவசரம் வரும்போது டின்னில் உள்ள எது நல்லது, எது கெட்டது என்று தெரியாமல் ஒவ்வொன்றாகப் பூட்டிப் பார்ப்பார்கள். ஒற்றைப் பிளக் வண்டிக்காரர் ஜாகுவார்காரரின் பன்னிரண்டை எட்டிப் பிடிப்பது இவ்விடத்தில்தான்.

முறையியல் குறிப்பு: டேங்கில் பெட்ரோல் தீர்ந்து, குழாயை ரிசர்வுக்குத் திருப்ப மறந்த நேர்வுகளை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை. சேர்த்தால் மற்ற நேர்வுகளுக்கு இடம் இருக்காது.