பூட்டை உடைத்தவர்களும் பூட்ட மறந்தவர்களும்

1996 ஜூனில் லினக்ஸ் 2.0 வந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட பிராசசரை மேய்க்கத் தெரிந்த முதல் நிலையான லினக்ஸ் அதுதான். அந்த வேலையைச் செய்த ஆலன் காக்ஸுக்கு இரட்டை பென்டியம் போர்டு ஒன்றைத் தானமாகக் கொடுத்தது கால்டெரா நிறுவனம். தானம் வந்த மாட்டைப் பல் பிடித்துப் பார்க்காமல் அவரும் உழுதார். ஆனால் இரண்டு பிராசசரும் ஒரே நேரத்தில் லினக்ஸின் மையமான கர்னலுக்குள் புகுந்து ஒரே தகவலில் கைவைத்தால்? அதற்கு வைத்த காவல்தான் பிக் கர்னல் லாக். மொத்தக் கர்னலுக்கும் ஒரே பூட்டு. ஒண்டுக்குடித்தனத்துக் கழிவறை மாதிரி, ஒருவர் உள்ளே போய்விட்டால் மற்றவர்கள் வாளியோடு வெளியே நிற்க வேண்டியதுதான். காசைக் கொட்டி நாலு பிராசசர் வாங்கிய புண்ணியவானுக்கு மூன்று வாளி மிச்சம்.

பூட்டு வந்த கையோடு அதன் மேல் வசவும் வந்தது. ஆளாளுக்குச் சின்னச் சின்னப் பூட்டாகச் செய்துகொண்டு தனிக்குடித்தனம் போனார்கள். நெட்வொர்க் கோஷ்டி சீக்கிரமே மூட்டை கட்டிவிட்டது. மிச்சம் மீதியை ஆர்ன்ட் பெர்க்மன் சுரண்டியெடுக்க, 2011 மே மாதம் 2.6.39 பதிப்பில் பெரிய பூட்டுக்குக் கருமாதி முடிந்தது. ஆயுள் 15 வருடம்.

பால் தெளித்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஆகஸ்டில் நெட்வொர்க் பக்கம் ஒரு புதுச் சரக்கு இறங்கியது. ஏஎஃப் பாக்கெட் என்றொரு சாக்கெட் உண்டு. டிசிபிடம்ப் போன்ற கருவிகள் வழியில் போகிற பாக்கெட்டுகளை அப்படியே அள்ளுவது அதன் மூலம்தான். அதன் ரிங் பஃபருக்கு மூன்றாம் பதிப்பு போட்டு, கூடவே ஒரு டைமரையும் வைத்தார்கள். பெரிய பூட்டு போனதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பழியை அந்தக் கிழத்தின் மேல் போட முடியவில்லையே என்பதுதான் வருத்தம்.

ரிங்கை அமைக்கும் ஃபங்ஷன் கேட்கும்: “நீ எந்தப் பதிப்பு?” “மூன்று.” டைமரை ஓட்டிவிடும். சாக்கெட்டை மூடும்போதும் அதே கேள்வி. மூன்று என்றால் டைமரை நிறுத்தும். நடுவில் யாராவது பதிப்பை மாற்ற வந்தால்? அதற்கும் காவல் உண்டு: ரிங் ஏற்கெனவே மாட்டியிருந்தால் ‘பிஸி’ என்று விரட்டிவிடும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் யோக்கியம். ஆனால் டைமர் ஓட ஆரம்பித்த பிறகுதான் ரிங்கை சாக்கெட்டில் மாட்டுகிறார்கள். அந்த இமைப்பொழுதில் இன்னொரு த்ரெட் நுழைந்து பதிப்பை ஒன்று ஆக்கிவிடலாம். மூடும்போது, “மூன்றா?” “இல்லை, ஒன்று.” “உனக்கு ஏது டைமர், போ.” சாக்கெட்டின் மெமரியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, டைமர் மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் காலி இடத்தில் தனக்கு வேண்டிய முகவரியை எழுதி வைப்பவனுக்குக் கர்னலே கூலியில்லா வேலைக்காரன்.

இந்தச் சாக்கெட்டைத் திறக்க விசேஷ அனுமதி வேண்டுமே என்றால், அதற்கும் வழிவிட்டிருந்தார்கள். யூசர் நேம்ஸ்பேஸ் என்ற ஏற்பாட்டில் எவரும் தனக்கென்று ஒரு குட்டி ராஜ்யம் அமைத்துத் தானே பட்டம் கட்டிக்கொள்ளலாம். உபுண்டுவில் அது கேட்காமலே கிடைத்தது.

5 வருடம் உலகமே இதன் மேல் ஓடியது. 2016 கடைசியில் ஃபிலிப் பெட்டர்சன் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்தார். உபுண்டு 16.04-ஐக் கவிழ்க்கும் நிரலும் எழுதி, வீடியோ கேமில் வரும் சொகோபோ பறவையின் பெயரை அதற்கு வைத்தார். திருத்தத்தையும் அவரே எழுதினார். டிசம்பர் தொடக்கத்தில் நெட்வொர்க் பகுதியைப் பராமரித்த டேவிட் மில்லர் அதைச் சேர்த்துக்கொண்டார். ஓட்டைக்கு சிவிஇ-2016-8655 என்று பதிவெண்ணும் விழுந்தது.

திருத்தம் என்ன பெரிய ராக்கெட்டா? ரிங் ஃபங்ஷனில் நுழைந்ததும் சாக்கெட்டைப் பூட்டு, வெளியேறும்போது திற. பதிப்பை மாற்றுகிறவனும் அதே பூட்டைப் போட்டுக்கொண்டே ரிங்கைப் பார்க்கட்டும். அங்கே ‘பிஸி’ என்று சொல்லிவிட்டுச் சட்டென்று திரும்பிப் போன பழைய வரியை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. சாவியோடு ஓடிவிடக் கூடாதல்லவா? பதிலை ஒரு மாறியில் வைத்து, பூட்டைத் திறந்து, அப்புறம் போ என்றார்கள்.

பதிப்பை மாற்றுவது சாக்கெட்டின் ஆப்ஷன் பட்டியலில் ஒன்று; அதே பட்டியலில் அடுத்த ஆப்ஷன், ரிங்கில் இடம் ஒதுக்குவது. அதிலும் அதே கேள்வி, அதே ‘பிஸி’, அதே பூட்டில்லாத கதவு. 2017 ஆகஸ்டில் அதற்கும் ஒரு சிவிஇ எண் வந்தது. போன வருடத்துப் பூட்டையே எடுத்து அங்கேயும் மாட்டினார்கள்.