இலையைத் திருப்பிப் பாத்தியா, அப்புனு?

வா அப்புனு, இப்படித் திண்ணையில உக்காரு. செம்பருத்திக்குச் சீக்குன்னு மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு வந்திருக்கறே. போன்ல படம் புடிச்சுக் காட்டுனயாமா? அது வரிசையா வியாதி வாசிச்சுதாமா? நல்லவேளை, செடிக்குச் சக்கரை ஏறிப்போச்சுன்னு சொல்லாம உட்டுச்சு. சொல்லியிருந்தாலும் பாதி நெசந்தான். ஏன்னு பொறகு சொல்றேன்.

காலைல வேப்பெண்ணெய், மத்தியானம் புளிச்ச மோரு, சாயங்காலம் பூண்டுக் கசாயம். நடுவுல வாழைப்பழத் தோலு ஊறவெச்ச தண்ணி வேற. எங்கூட்டுக் கெழவிகூட இத்தனை மருந்து திங்கறதில்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. இலையைத் திருப்பிப் பாத்தியா?

பாத்திருக்க மாட்டே. படம் புடிக்கறவனுக்கு மேப்பக்கம் போதும். சீக்குக் குடியிருக்கறது அடிப்பக்கம்.

சரி, அந்த இலையக் குடு. மேல கருப்பாப் படிஞ்சிருக்குதல்ல? ஈரத்துணியில தொடை. வருதா? அப்ப அது இலைக்குள்ள போன நோய் இல்ல, மேல ஒக்காந்திருக்கற பூசணம். பூசணம் சும்மா வந்து ஒக்காருமா? தித்திப்பு இருந்தாத்தான் வரும். செம்பருத்தி இலைல தித்திப்பை எவன் கொண்டாந்து ஊத்துனான்? இப்ப மேக்கொம்பைப் பாரு. குருத்துல, மொக்குக் காம்புல, இலைக்கு அடிப்பக்கத்துல வெள்ளை வெள்ளையா அப்பிக் கெடக்குதே, அதாம் மாவுப்பூச்சி. சாறை உறிஞ்சிப்போட்டு மிச்சத்தைச் சக்கரைத் தண்ணியா வெளிய தள்ளும். அது கீழ இலை மேல சொட்டும். அதுல கரும்பூசணம் மொளைக்கும். நீ கடைக்குப் போயி அந்தக் கருப்புக்கு ஒரு பாட்டலு வாங்கிட்டு வருவே. கடைக்காரனும் பொழைக்கோணுமல்ல!

அந்தால தண்டுல ஏறுது பாரு எறும்பு. அதுதான் இந்தக் கூத்துக்கே மொதலாளி. மாவுப்பூச்சிய நம்ம கட்டுத்தறி எருமையாட்டம் வெச்சுக் கறக்குது. அதத் திங்க வர்ற பொறிவண்டை முடுக்கியும் உடுது. எறும்பை உட்டுப்போட்டுப் பூச்சிக்கு மருந்தடிச்சு என்ன பிரயோசனம்? தண்டைச் சுத்தி ஒரு துணிப்பட்டை கட்டு, அதுமேல கிரீசு தடவு. செவுத்தைத் தொடற கொப்பெல்லாம் வெட்டி உடு. இல்லீன்னா மகராசன் செவுறு வழியா வந்துருவான். ரொம்ப மோசமான நுனிய நறுக்கி எரிச்சுப்போடு. மிச்சத்துக்குத் தண்ணிய வேகமா பீச்சி அடி, அப்பறம் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சித்த சோப்பு, பொழுது சாஞ்சப்பறம். வேசகாலத்து மத்தியானத்துல எண்ணெய் அடிச்சா பூச்சிக்கு முன்னால இலை வெந்துபோகும்.

மருந்துப் பெருமை பேசறியே, 2008ல நீ பள்ளிக்கூடத்துப் பையன். அப்பத்தான் கோயமுத்தூருப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து எறங்குச்சு. மெக்சிகோ பக்கத்துச் சரக்கு. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தின்னு ஒண்ணையும் உடல. ஆளாளுக்கு அடிக்காத மருந்தில்ல. அது மேல மெழுகைப் போத்திக்கிட்டு ஒய்யாரமா ஒக்காந்திருந்துச்சு. 2010ல போர்ட்டோ ரிக்கோல இருந்து ஒரு பொடிக்குளவிய ஆராய்ச்சிக்காரங்க கொண்டாந்தாங்க. அசிரோபேகஸ் பப்பாயேன்னு பேரு. பேருதான் நீளம், ஆளு கண்ணுக்கே தெரியாது. நம்ம வேளாண்மைப் பல்கலைக்கழகத்துலயும் பெருக்கித் தோட்டந் தோட்டமா உட்டாங்க. மாவுப்பூச்சி வயித்துக்குள்ளயே முட்டைய வெச்சு, குஞ்சு உள்ளருந்தே தின்னு முடிச்சுது. கடுசான மருந்தா அடிச்சவன் தோட்டத்துல அந்தக் குளவியும் சேந்து செத்துப்போச்சு. இப்பச் சொல்லு, கொல்றதுக்கு அவசரமா?

உன்ற இட்லிப்பூச் செடியும் வெளுத்துப்போச்சுன்னியே. எந்த இலை வெளுத்துச்சு? கெழட்டு இலையா, குருத்திலையா? அதச் சொல்லாம நான் என்னத்தச் சொல்றது? அடியில இருக்கற கெழட்டு இலை மொத்தமா மஞ்சளாச்சுன்னா பசி, சாணி எரு வெச்சாத் தேறும். குருத்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நின்னா, இரும்பு எட்டல. மண்ணுல இரும்பு இல்லாம இல்ல. நம்முளுது சுண்ணாம்பு மண்ணு, போர்த் தண்ணியும் கடுசு. வேரு கேட்டாலும் மண்ணு குடுக்காது. அதுலயும் புது ஊடு கட்டுனவன் சிமெண்டும் செங்கத்தூளும் கொட்டுன எடத்துலயேதான் இட்லிப்பூவ வெப்பான். செவுத்தோரம் அழகாம்! இட்லிப்பூவோ புளிப்பு மண்ணு கேக்கற சாதி. துருப்புடிச்ச ஆணியப் பொதைச்சு வெச்சேன்னு சொன்னயே, அப்புனு, அந்த ஆணி உன்ற பேரன் காலத்துலயும் ஆணியாத்தான் கெடக்கும். நாட்டு மருந்துக் கடைல அன்னபேதி கேளு, அது இரும்பு உப்புத்தான். லிட்டருக்கு 5 கிராம், அரை மூடி எலுமிச்சை புழிஞ்சு, சாயங்காலம் இலை நனைய அடி. பத்து நாளுக் கழிச்சு மறுக்கா ஒண்ணு. மக்குன எருவும் மழைத் தண்ணியும் காட்டு. தரை டைல்சுல மட்டும் படாமப் பாத்துக்க. கறை போகாது. உன்ற ஊட்டுக்காரம்மா உன்னைய வெளுத்துருவா.

ரோசாவுக்குக் கரும்புள்ளி. இதுக்கு நாந்தான் காரணஞ் சொல்லோணுமா? ஆபீசு உட்டு வந்து, விளக்கு வெச்ச நேரத்துல, செடி தலைமேல பூவாளிய ஊத்தறயே, அதுதான். ராத்திரி பூரா இலை ஈரமா நிக்குது. ஏழெட்டு மணி நேரம் ஈரம் நின்னாப் போதும், அந்தப் பூசணம் உள்ள பூந்துரும். காலைல ஊத்து, வேருக்கு ஊத்து. உழுந்த இலையப் பொறுக்கி வெளிய போடு. அடுத்த மழைக்கு அதுல இருந்துதான் மறுபடியும் கெளம்பும். காசு செலவில்லாத வைத்தியம்ங்கறதால உனக்குப் புடிக்காது.

நுனி காஞ்சுட்டே வர்ற கொப்பை, பச்சை தெரியற எடத்துக்குங் கீழ வெட்டு. மருந்துதான் அடிப்பேன்னு நின்னா மயில்துத்தமும் சுண்ணாம்பும் இருக்குது. அது மருந்தான கதையக் கேளு. பிரான்சுல மெடோக் சீமைல ரோட்டோரத் திராட்சைய வழிப்போக்கனுங்க பறிச்சுத் தின்னாங்க. தோட்டக்காரன் இது ரெண்டையும் கலந்து இலைமேல தெளிச்சு வெச்சான், பாத்தவன் வெசம்னு பயப்படட்டும்னு. அந்த ஓரத்துக் கொடி மட்டும் அடிச்சாம்பல் நோயில தப்பிச்சுருச்சு. மில்லார்டேங்கற வாத்தியாரு அதக் கண்டுக்கிட்டு, 1885ல மருந்தாவே எழுதிப்போட்டாரு. திருடனுக்கு வெச்சது செடிக்கு ஆச்சு!

ஒரு லிட்டருக்கு துத்தம் 10 கிராம், சுண்ணாம்பு 10 கிராம். தனித்தனியா பிளாஸ்டிக் வாளில கரைச்சு, துத்தத் தண்ணியச் சுண்ணாம்புல ஊத்து. புள்ளைங்க கைல படாம வையி, அன்னன்னிக்குக் கலந்ததை அன்னன்னிக்கே தீத்துரு. அடிக்கறதுக்கு முன்னால ஒரு இரும்புக் கத்திய அதுல முக்கிப் பாரு. செம்பு நெறம் படிஞ்சா சுண்ணாம்பு பத்தல, இன்னுஞ் சித்த சேரு. படியலீன்னா அடிக்கலாம். எவர்சில்வரு ஆகாது. உங்கூட்டுல இருக்கறதெல்லாம் அதுதானே? எரவாரத்துல என்ற பழைய சூரிக்கத்தி சொருகியிருக்குது, எடுத்துட்டுப் போ. ஆனா திருப்பிக் கொண்டாந்து குடுத்துரோணும். போன தபா கொண்டுட்டுப் போன களைக்கொத்து இன்னும் ஊடு வந்து சேரல.