பெரகல சந்தியில் ஒரு கேள்வி

கே: போட்டோ எடிட்டிங் செய்யவும் படம் வரையவும் குறைந்த விலையில் ஒரு கிராபிக்ஸ் டேப்லட் வேண்டும். வாக்கமா, ஹூயானா, எக்ஸ்பி-பென்னா?
– ஒரு வாசகர், பெரகல

ப: தம்பி, உங்கள் சந்தியில் ஹப்புத்தளைக்கு ஒரு ரோடு, வெல்லவாயவுக்கு ஒரு ரோடு, கொழும்புக்கு ஒரு ரோடு. போகும் ஊர் தெரிந்தால்தான் பஸ் ஏறலாம். டேப்லட்டும் அப்படித்தான்.

'ஒன் பை வாக்கம்' சிறிய மாடலில் வரையும் இடம் 152 x 95 மி.மீ.; பேனா உணரும் அழுத்த நிலைகள் 2048. ஹூயான் எச்640பி-யில் 160 x 99 மி.மீ.; 8192 நிலைகள். அந்தப் பெரிய எண்ணில் மயங்காதீர்கள், கைக்கு வித்தியாசம் தெரிவது அபூர்வம். ஹூயானின் ஓரத்தில் இருக்கும் 6 பட்டன்கள்தான் உண்மையான லாபம். தப்பான கோட்டை இடது கையால் அழித்துக்கொண்டே போகலாம். ஆண்ட்ராய்டு போனிலும் ஹூயான் வேலை செய்யும். தோளிலிருந்து கைவீசி வரைபவர் என்றால் எக்ஸ்பி-பென் டெகோ 01 வி2 நல்லது: 10 x 6.25 அங்குலம். மூன்றின் பேனாவுக்கும் சார்ஜ் தேவையில்லை.

இனி போட்டோ எடிட்டிங். படத்தில் கொழுந்து பறிக்கும் அம்மாவின் முகம் முக்காட்டு நிழலில் இருண்டிருக்கிறதா? மவுஸால் வெளுப்பாக்கினால் சுண்ணாம்பு அப்பியதுபோல் ஆகிவிடும். பேனாவை மெல்ல அழுத்துங்கள். பனி விலகுவதுபோல் வெளிச்சம் வரும், சுருக்கங்களும் அப்படியே நிற்கும்.

என் தீர்ப்பு ஹூயான். கிரிட்டா, கிம்ப் மென்பொருள்கள் இரண்டும் இலவசம். முதல் 2 வாரம் கோடு கோணலாகத்தான் வரும், அதற்குள் விற்றுவிடாதீர்கள்.