பாட்டி எங்கே?

கேள்வி: மேட்பிளாட்லிபில் முப்பரிமாணப் பட்டை வரைபடம் போட்டேன். பின்வரிசைப் பட்டைகள் கண்ணுக்கே தெரியவில்லையே?

பதில்: கல்யாண வீட்டு குரூப் போட்டோவில் நெட்டை மாமா முன்னால் நின்றால், பின்னால் இருக்கும் பாட்டி எப்படித் தெரிவார்? போட்டோகிராபர் இடம் மாறி நிற்பார். நீங்களும் கேமரா கோணத்தை மாற்றுங்கள். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அது 30 டிகிரி உயரம், மைனஸ் 60 டிகிரி திருப்பத்திலேயே நிற்கும். பட்டைகள் நிற்கும் இடத்தையும் சரிபாருங்கள்: அவற்றை வரையும் பார்3டி கட்டளை கேட்கும் ஆறு எண்களில் முதல் மூன்று, பட்டையின் நடுவை அல்ல, மூலையைக் குறிப்பவை. பலர் சறுக்குவது இங்கேதான். மற்ற மூன்றும் அகலம், ஆழம், உயரம். ஒளிபுகாமையைக் குறிக்கும் ஆல்ஃபாவை 0.6 ஆக்கினால் மாமா கண்ணாடியாகிவிடுவார். பாட்டியின் உயரத்தைத் துல்லியமாக ஒப்பிட வேண்டுமா? முப்பரிமாணத்தையே விட்டுவிட்டு, எல்லாரையும் ஒரே வரிசையில் சுவரோரம் நிறுத்துங்கள்!