பின்பற்களும் தன்மானமும்: ஒரு முதற்கட்ட ஆய்வு

ரோடு பைக்கின் பின்சக்கரத்தில் அடுக்கடுக்காக இருக்கும் பல்சக்கரக் கொத்துக்குக் கேசட் என்று பெயர். எதை வாங்கலாம் என்று விசாரித்தால் எல்லோரும் பொறியியல் பேசுவார்கள். அது வெறும் மேல்பூச்சு. அடியில் இருப்பது தன்மானம் என்பதே இவ்வாய்வின் கருதுகோள். சூத்திரமாகச் சொன்னால், கேசட்டின் மிகப்பெரிய சக்கரத்தில் பற்கள் குறையக் குறைய, வாங்கியவரின் கர்வம் கூடும். 11-28 என்றால் சின்னச் சக்கரத்தில் 11 பல், பெரியதில் 28. பெரியது எவ்வளவு பெரிதோ அவ்வளவு லேசாக மேடு ஏறலாம். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று கேட்பவர் இன்னும் ரோடு பைக் வாங்கவில்லை என்று கொள்க.

வரலாறு இக்கருதுகோளுக்குத் துணை நிற்கிறது. 1903இல் டூர் டி பிரான்ஸைத் தொடங்கிய ஹென்றி டெக்ராஞ்சுக்குக் கியர் மாற்றும் கருவி என்றாலே ஆகாது. மலையைக் கால்தான் ஏற வேண்டும், கருவி ஏறக்கூடாது என்பது அவர் கட்சி. ஆகவே அன்றைய வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, திருப்பி மாட்டி, மறுபக்கம் இருந்த பெரிய பல்சக்கரத்தில் செயினைப் போட்டுக்கொண்டு ஏறினார்கள். சக்கரத்தையே கழற்றுவது வீரம், ஒரு நெம்புகோலைத் தள்ளுவது கோழைத்தனம்! 1936இல் உடல்நலம் கெட்டு அவர் பொறுப்பை விட்டார். 1937இல் கியர் கருவிக்கு இருந்த தடை போனது. அந்த ஆண்டே ரோஜே லாபேபி கியர் மாற்றும் கருவியோடு வென்றார். மலைகளின் உயரம் இதனால் குறைந்ததாகத் தகவல் இல்லை.

இனி கணக்கு. ஆல்ப்ஸில் உள்ள ஆல்ப் டூயெஸ் ஏற்றம் சுமார் 13.8 கிலோமீட்டர், 21 வளைவுகள், சராசரிச் சரிவு 8 சதவீதத்துக்குச் சற்று மேல். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ, காலில் 200 வாட் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர் வேகம் வரும். பழைய பந்தய மரபுப்படி முன்னே, பெடலோடு சுற்றும் பல்சக்கரத்தில் 39, பின்னே 23 பல் இருந்தால் பெடல் நிமிடத்துக்கு 47 முறைதான் சுற்றும். ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் முறையிடும். முன்னே 34, பின்னே 28 என்றால் 65 சுற்று. பின்னே 32 என்றால் 75. ஆள் அதே, வாட் அதே, வேகமும் அதே. சக்கரத்தில் பல் குறைந்தவர் சொந்தப் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். பந்தய வீரர்கள் பெரிய பல்லைத் தொடமாட்டார்கள் என்ற வாதமும் இப்போது செல்லாது. ஷிமானோ நிறுவனத்திலிருந்து அவர்களுக்கென்றே வரும் டூரா-ஏஸ் வரிசையில் 12 கியர் வந்த 2021இலிருந்து 11-34 கேசட் இருக்கிறது. எடை கூடுமே என்பார்கள். கூடுவது சில பத்து கிராம். தண்ணீர் பாட்டிலில் நாலு மடக்கு குடித்தால் தீர்ந்தது. கொஞ்சம் மரியாதை தர வேண்டிய ஆட்சேபம் ஒன்றுதான்: இடைவெளி. ஷிமானோவின் 11 கியர் 11-28இல் 14க்கு அடுத்து 15 வரும்; 11-32இல் 14க்கு அடுத்து 16. நிமிடத்துக்கு 90 சுற்றில் சுகமாகப் போகிறவர் 16இலிருந்து 14க்குத் தாவினால் கால் 79க்கு இறங்கும். நடுவில் 15 இருந்திருந்தால் 84தான். சமவெளியில் கூட்டமாக, ஒருவர் பின் ஒருவராக ஓட்டுகிறவருக்கு இது நியாயமான குறை. மேடே இல்லாத ஊர்க்காரர் 11-25ஐ வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். அவரை இவ்வாய்வு சந்தேகிக்கவில்லை.

மற்றவர்களை அவர்களுடைய கேசட்டே காட்டிக்கொடுத்துவிடும். ஓராண்டு ஓடிய கேசட்டைக் கழற்றி, துணியால் துடைத்து வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். 17, 19 பற்களின் ஓரம் செயின் இழுத்த பக்கமாகத் தேய்ந்து, பூச்சுப் போயிருக்கும். 11 பல்லில் மட்டும் கடையில் பார்த்த மெருகு அப்படியே நிற்கும். முன்னே 50, பின்னே 11 போட்டு நிமிடத்துக்கு 90 சுற்று சுற்றினால் வேகம் மணிக்கு 51 கிலோமீட்டர் தாண்டும். இறக்கத்தில் அல்லாமல் அந்த வேகத்தில் எத்தனை பேர் போகிறார்கள்? 28 பல்லும் 17ஐப் போலவே தேய்ந்திருந்தால் தீர்ப்பு எளிது: அவருக்கு 32 தேவைப்பட்டிருக்கிறது, கேட்க வாய் வரவில்லை.

கேட்கத் துணிந்தவருக்கு ஒரு எச்சரிக்கை. கேசட்டை மட்டும் வாங்கிவந்தால் போதாது. பின்னால் தொங்கும் கியர் மாற்றும் கருவியின் கூண்டு குட்டையாக இருந்தால் 34 பல்லை அது தாங்காது. மேல் உருளை பல்லில் உரசும். செயினும் பழைய நீளத்திலேயே இருந்துவிட்டால், முன்னும் பின்னும் பெரிய சக்கரத்துக்கு ஒருசேர மாற்றும் நாளில் அது விறைத்துக்கொண்டு கருவியையே பிய்த்துவிடும். நீளக் கூண்டுக்கும் புதுச் செயினுக்கும் சேர்த்தே பணம் எடுத்துவைக்க வேண்டும்.