பெருங்கோப்புப் படலம்: தேவரா நெய்தலில் கணினி மேம்பாடு, ஒரு பன்முக நோக்கு

பெரிய புகைப்படக் கோப்புகளைத் திருத்துவதற்குக் கம்ப்யூட்டரில் எதை மாற்றுவது என்பது பற்றித் தமிழில் முறையான ஆய்வு இதுவரை நடைபெறவில்லை. நடைபெற்றிருந்தாலும் ஆய்வாளர் கண்ணில் அது படவில்லை. கண்ணில் படாதது இல்லாதது என்பது ஆய்வுலகின் முதல் விதி. ஆகவே இக்கட்டுரை ஒரு பெரும் வெற்றிடத்தை நிரப்புகிறது.

ஆய்வுக்களம் கொச்சியின் தேவரா. ஆய்வுப்பொருள், மட்டாஞ்சேரியில் பிறந்து தேவராவில் வாடகைக்கு இருக்கும் ஒரு தமிழ்ப் புகைப்படக்காரரின் பழைய கம்ப்யூட்டர். அவர் பெயர் சொல்லப்படாது. அகத்திணையில் தலைவனைப் பெயர் சுட்டிச் சொல்லலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. கம்ப்யூட்டரோடு ஒருவர் படும் பாடு அகமா, புறமா என்ற கேள்வி எழலாம். அடுத்தவர் பார்க்க அவர் அழுததில்லை. எனவே அகம்தான். இனி அவரைத் தலைவன் என்றே கொள்க.

தலைவன் பிழைப்புக்குக் கல்யாணம் எடுப்பவன், ஆசைக்கு ஃபோர்ட் கொச்சியில் 'வெளி' என்ற இடத்தில் உள்ள தோபி கானாவை எடுப்பவன். டச்சுக்காரர் காலத்தில் படையினரின் உடுப்பை வெளுக்க அழைத்துவரப்பட்டதாகச் சொல்லப்படும் தமிழ் வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் துணி வெளுக்கிற இடம் அது. கொடியில் காயும் வேட்டி சேலைகளை இடமிருந்து வலமாக எட்டு ஒன்பது படமாக எடுத்து ஒட்டினால் சுவரளவு பிரிண்ட் போடலாம். தலைவன் எடுத்துவிட்டான். ஒட்டுவதற்குத்தான் கம்ப்யூட்டர் ஒத்துவரவில்லை.

இதன் காரணம் கணக்கில் இருக்கிறது. 45 மெகாபிக்சல் கேமரா ஒன்றின் படம் 8,256-க்கு 5,504 புள்ளி. பெருக்கினால் ஏறத்தாழ 4.54 கோடி. கார்டில் ரா கோப்பாக இருக்கும்போது அது 50 எம்.பி. சொச்சம். 'இத்துனூண்டு கோப்புக்கா இந்தப் பாடு?' என்று தலைவன் ஏமாறுவது இங்கேதான். ஃபோட்டோஷாப்பில் திறந்ததும் சுருக்கம் அவிழ்கிறது. புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண். 16 பிட்டில் எண்ணுக்கு 2 பைட். ஆகப் புள்ளிக்கு 6 பைட். ஒற்றை லேயரே 27 கோடி பைட், அதாவது 260 எம்.பி. மணப்பெண் முகத்தைத் துடைக்க அந்த லேயரை நகலெடுத்துப் போட்டால் மேலும் 260. தோபி கானா ஒட்டுப்படம் 30,000-க்கு 8,000 புள்ளி என்று வைத்துக்கொண்டால் ஒரு லேயருக்கே 144 கோடி பைட். பி.எஸ்.டி. கோப்புக்கு 2 ஜி.பி. எல்லை, அகலத்துக்கு 30,000 புள்ளி எல்லை. அதற்கு மேல் பி.எஸ்.பி. வகைக்கு மாற வேண்டும். 1990-இல் முதல் ஃபோட்டோஷாப் வந்தபோது 2 எம்.பி. ராமில் ஓடியது. லேயர் என்பது 1994-இல் மூன்றாம் பதிப்போடுதான் வந்தது. லேயர் இல்லாத அந்த நான்காண்டைப் பொற்காலம் என்பாரும் உளர்.

இனிப் பிறர்மதம் மறுத்தல்.

எர்ணாகுளத்துக் கடைகளில் பெரும்பான்மையோர் கிராபிக்ஸ் மதத்தினர். “சேட்டா, ஈ கார்டு வெச்சா பறக்கும் கேட்டோ” என்பது இவர்களின் மூலமந்திரம் (கடைக்காரர் கூற்று, முதல் மாடி). லைட்ரூமில் ஏ.ஐ. டீநாய்ஸ் ஓட்டுபவருக்கு நல்ல கார்டு நிமிடங்களை நொடிகளாக்கித் தருவது உண்மை. ஆனால் லேயர் மேல் லேயர் போட்டு, பிரஷ்ஷால் தடவி, சேமித்து மூடும் வேலையில் அது பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். ஜெனரேட்டிவ் ஃபில் நடப்பதோ அடோபியின் சர்வரில். வீட்டுக் கார்டுக்கு அதில் வேலையே இல்லை.

பிராசசர் மதத்தினர் எத்தனை கோர் என்று எண்ணுவார்கள். கல்யாணப் படங்களை லைட்ரூமிலிருந்து கட்டுக்கட்டாக எக்ஸ்போர்ட் செய்யும்போது எல்லாக் கோரும் வேலை செய்யும். இம்மதம் அங்கே செல்லும். ஃபோட்டோஷாப்பில் ஒற்றைப் பெரிய கோப்பைத் திருத்தும்போது பல வேலைகள் ஓரிரு கோரின் வேகத்தையே நம்பியுள்ளன. 16 கோர் வாங்கியவரும் அங்கே 8 கோர் வாங்கியவரோடு சேர்ந்து கொட்டாவி விடுகிறார் (பில்லின் பின்பக்கம், பென்சில் எழுத்து, வரி 3).

கீபோர்டு, மவுஸ் ஆகியவை ஆய்வுக்கு உரியன அல்ல.

கேபினெட்டுக்குள் எரியும் வண்ண விளக்கு அணியிலக்கணத்தில் அடங்கும்.

எஞ்சியது உரிப்பொருள். திரை நடுவே நீலவட்டம் சுழல, தலைவன் கைகட்டி உட்கார்ந்திருக்கும் நிலை எத்திணை? தேவரா காயலோரம், நிலத்தால் நெய்தல். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். ஆனால் தலைவன் செய்வது இருத்தல். அது முல்லைக்கு உரியது. திணைமயக்கம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். முடித்தால் கட்டுரை எப்படி நீளும்?

முல்லைக் கட்சியினர் கூறுவது: முன்னேற்றப் பட்டை நகரும் என்ற நம்பிக்கை உள்ளவரை அது முல்லையே. நெய்தல் கட்சியினர், தலைப்புப் பட்டையில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்ற எழுத்து தோன்றிய கணத்தில் இருத்தல் இரங்கலாகத் திரியும் என்பர் (மேற்படி பில், வரி 5, வியர்வையில் அழிந்த இடம் ஊகித்து நிரப்பப்பட்டது). இதற்குச் சிறுபொழுதும் சான்று. நெய்தலுக்கு உரிய எற்பாடு பிற்பகலா, காலையா என்று உரைகாரர்களுக்குள் உள்ள வழக்கு இன்னும் தீரவில்லை. தலைவனின் கம்ப்யூட்டர் இரண்டு வேளையிலும் ஹேங் ஆவதால் இரு சாராருக்கும் ஆதரவாகச் சாட்சி சொல்கிறது. காத்திருக்கும் நேரத்தில் தலைவன் செல்போனை நாடிப் போவது பரத்தையிற்பிரிவு. ஆகவே மருதமும் கலந்தது. ஜூன் மாத மழையில் சேமிப்பதற்கு முன் கரண்ட் போனால் பாலை. ஃபோட்டோஷாப் தானாகவே பத்து நிமிடத்துக்கு ஒரு மீட்புப் பிரதி எடுத்துவைப்பதால், அது நெடும்பிரிவு ஆகாது, குறும்பிரிவே என்று அமைதி கூறுவர் (கேபினெட் இடப்பக்க மூடி, உட்புறம், ஸ்கெட்ச் பேனாக் கல்வெட்டு, முதல் வரி பல்லியெச்சத்தால் சிதைவு, மூன்றாம் வரியில் 'ராம்' என்பதற்கு 'ராமன்' எனவும் பாடம் உண்டு, இது மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரில் தீட்டப்பட்ட இராமாயணத்தைச் சுட்டும் என்பார் கொள்கை பொருந்தாது, அரண்மனையில் ஜி.பி. இல்லை).

இக்கட்டுரையின் இப்பகுதி மட்டும் தனியே ஒரு தேசியக் கருத்தரங்கில் படிக்கத் தக்கது. கட்டணம் கட்டிவிட்டால் படிக்கவும் தேவையில்லை, ஐ.எஸ்.பி.என். எண்ணோடு தொகுப்பு முன்னாடியே அச்சாகிக் கையில் வந்துவிடும். அதில் ஐந்நூறு பக்கம் இருக்கும். எல்லாரும் தத்தம் கட்டுரையை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு, பையில் போட்டுக்கொண்டு, பஸ் ஏறுவார்கள்.

திணை எதுவாயினும், பட்டை ஏன் நிற்கிறது என்பதற்கு விடை எளியது. ஃபோட்டோஷாப் இயல்பாக ராமில் சுமார் 70 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். அது நிறைந்ததும் மிச்சத்தை ஸ்கிராட்ச் டிஸ்க்கில் எழுதத் தொடங்கும். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் நொடிக்கு 150 எம்.பி. அளவில்தான் எழுதும். சாட்டா எஸ்.எஸ்.டி. 550 வரை போகும். என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி.யில் நாலாம் தலைமுறை 7,000 வரை எட்டும். தலைவனிடம் இருப்பது 8 ஜி.பி. ராம், ஒரு பழைய ஹார்ட் டிஸ்க். தோபி கானாவின் ஒட்டுப்படம் இரண்டையும் நிரப்பிக்கொண்டு மூச்சு வாங்குகிறது.

இதைக் கண்டுபிடிக்க எந்த மதத்திலும் சேர வேண்டியதில்லை. ஃபோட்டோஷாப் சன்னலின் கீழ் ஓரத்தில் கோப்பளவு காட்டும் இடத்தின் பக்கத்து அம்புக்குறியைச் சொடுக்கினால் 'எஃபிஷியன்சி' என்று ஒன்று வரும். அது 100 என்றால் ராம் போதும். 60, 70 என்று இறங்கினால் வேலை டிஸ்க்குக்குப் போய்விட்டது, ராம் போதவில்லை. இத்தனை கட்சிகளும் பேசித் தீர்க்காத வழக்கைத் தீர்க்கும் எண் அந்த மூலையில் சின்ன எழுத்தில் இருக்கிறது. மேற்கோள் காட்ட வசதியில்லாததால் இதுவரை எந்த அறிஞரும் அதைப் பார்க்கவில்லை போலும்.

சேமிப்பது மட்டும் இழுத்தால் குற்றம் பெரும்பாலும் டிஸ்க்கின் மேல் அல்ல. பி.எஸ்.டி.யைச் சுருக்கிச் சேமிக்கும் வேலைதான் இழுக்கிறது. பிரிஃபரன்ஸில் அந்தச் சுருக்கத்தை நிறுத்திவிட்டால் கோப்பு பெரிதாகும், நேரம் குறையும். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

ஆக, முடிபு. தலைவனின் எஃபிஷியன்சி 100-க்குக் கீழே இருப்பதால் 16 ஜி.பி. ஸ்டிக் இரண்டு வாங்குக. ஒற்றை 32-ஐ விட இரண்டு 16 நல்லது. இரண்டு சேனலும் ஓடும். மதர்போர்டு டி.டி.ஆர். 4-ஆ, 5-ஆ என்று பார்த்த பிறகே கடைக்குப் போக வேண்டும். வெட்டு வேறிடத்தில் இருப்பதால் ஒன்றின் சாக்கெட்டில் மற்றது உட்காராது. எம்1 முதலான சிப் உள்ள மேக் வைத்திருப்போருக்கு இந்த வழி இல்லை, ராமைப் பின்னால் ஏற்ற முடியாது. வாங்கும் நாளிலேயே யோசித்துவிட வேண்டும். மதர்போர்டில் என்.வி.எம்.இ.க்கு இடம் இருந்தால் 1 டி.பி. ஒன்று போட்டு ஸ்கிராட்ச்சை அங்கே மாற்றுக. 4கே திரைக்கு ஆசைப்பட்டால் அது வேறு செலவு. அதிலும் 83 லட்சம் புள்ளிதான், 4.54 கோடியை ஒரே பார்வையில் முழு அளவில் பார்க்க முடியாது. கொச்சி மழைக்கு ஒரு யு.பி.எஸ். அவசியம். கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்கிய பணத்தில் வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றைத் தேவராவிலும் மற்றொன்றை மட்டாஞ்சேரியில் அம்மா வீட்டு அலமாரியிலும் வைக்கவும். மாதம் ஒரு தடவை சாப்பிடப் போகும்போது புதுப் படங்களை அதில் ஏற்றிவிட்டு வரவும்.